எழுபதுகளின் ராக், பாப் பாடல்களுக்குப் பின்னால் சொல்லப்படும் கதைகளில் எவற்றை நம்பலாம்?

கேள்வி கேட்டவர்: பழைய ஒலிநாடா

அனைவருக்கும் வணக்கம். என் மூத்த அண்ணன் வேலைக்காக வெளியூர் போனபோது ஒரு பெட்டி நிறைய ஒலிநாடாக்களை வீட்டில் விட்டுச் சென்றார். எழுபதுகளின் ஆங்கில ராக், பாப் பாடல்கள் எனக்கு அறிமுகமானது அந்தப் பெட்டியின் வழியாகத்தான். அவற்றில் பெரும்பாலானவை கடைக்காரர் பதிவுசெய்து கொடுத்த நாடாக்கள் என்பதால் உறையில் பாடலின் பெயரைத் தவிர வேறொன்றும் இருக்காது. பாடுபவர் என்ன சொல்கிறார் என்பதைக் காதில் விழுந்த அரைகுறைச் சொற்களைக் கொண்டு நாங்களே ஊகித்துக்கொள்வோம். ஊகிக்க முடியாத இடங்களை அண்ணன் சொன்ன கதைகள் நிரப்பும்.

அப்படி என் மனத்தில் பதிந்தவை மூன்று. ஜேம்ஸ் டெய்லரின் 'ஃபயர் அண்ட் ரெயின்', விமான விபத்தில் இறந்த காதலியை நினைத்து எழுதப்பட்டது. ஈகிள்ஸ் குழுவின் 'ஹோட்டல் கலிபோர்னியா' உண்மையில் ஒரு மனநல மருத்துவமனையைப் பற்றியது (சாத்தானை வழிபடும் கூடம் என்றும் சொல்வார்கள்). டீப் பர்ப்பிள் குழுவின் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' போதைப்பொருளைப் பற்றிய பாட்டு. இப்போது இணையத்தில் தேடினால் ஒவ்வொரு பாட்டுக்கும் நான்கு கதைகள் கிடைக்கின்றன; நான்கும் ஒரே உறுதியோடு எழுதப்பட்டிருக்கின்றன. இவற்றில் எவை உண்மையில் நடந்தவை, எவை ரசிகர்கள் கட்டிவிட்டவை என்பதை விவரமறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: ஆறாம் தந்தி

தாங்கள் குறிப்பிட்ட மூன்றில் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' பற்றி விரிவாகவே சொல்லலாம். ஏனெனில், பாட்டின் வரிகளே நடந்ததை நடந்த வரிசையில் சொல்லும் ஒரு செய்தி அறிக்கை போன்றவை. அதில் மறைபொருள் என்று தேடுவதற்கு ஒன்றுமில்லை.

1971 டிசம்பரில் டீப் பர்ப்பிள் குழுவினர் தங்கள் அடுத்த ஆல்பத்தைப் பதிவுசெய்வதற்காக சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக் கரையிலுள்ள மோந்த்ரோ நகருக்கு வந்திருந்தார்கள். அவ்வூரின் சூதாட்ட விடுதியான கசினோவில் ஒரு பெரிய அரங்கம் இருந்தது. குளிர்காலத்தில் அது மூடப்பட்டுவிடும் என்பதால், ஆளில்லாத அந்த அரங்கில் நிதானமாக வாசித்துப் பதிவுசெய்யலாம் என்பது அவர்கள் திட்டம். பதிவுக் கருவிகள் எல்லாம் ஒரு பெரிய வண்டிக்குள் பொருத்தப்பட்டிருந்தன. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமான அந்த நடமாடும் ஒலிப்பதிவுக் கூடத்தை இவர்கள் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். கசினோ மூடப்படுவதற்கு முன் ஒரே ஒரு நிகழ்ச்சி பாக்கியிருந்தது. டிசம்பர் 4 அன்று அமெரிக்க இசைக்கலைஞர் ஃபிராங்க் ஜாப்பாவும் அவருடைய மதர்ஸ் ஆஃப் இன்வென்ஷன் குழுவும் அங்கே வாசித்தார்கள். டீப் பர்ப்பிள் குழுவினரும் பார்வையாளர்களாகப் போயிருந்தார்கள்.

கச்சேரி நடந்துகொண்டிருக்கையில் கூட்டத்திலிருந்த ஒருவர், கப்பல்களில் ஆபத்துக்கு அறிகுறியாக வானத்தை நோக்கிச் சுடும் எரியொளித் துப்பாக்கியைக் கூரையை நோக்கிச் சுட்டுவிட்டார். கூரை பற்றிக்கொண்டது. சிறிது நேரத்தில் கட்டடம் முழுவதும் எரிந்தது. ஜாப்பா குழுவின் கருவிகளும் சாம்பலாயின. அவ்வளவு பெரிய தீயில் ஓர் உயிர்கூடப் போகவில்லை என்பதுதான் வியப்பு. மோந்த்ரோ ஜாஸ் விழாவைத் தொடங்கியவரும் அன்றைய நிகழ்ச்சியை ஏற்பாடு செய்தவருமான க்ளோட் நோப்ஸ், உள்ளே சிக்கிக்கொண்ட இளைஞர்களை வெளியே கொண்டுவருவதற்காகத் திரும்பத் திரும்ப உள்ளே ஓடினார். பாட்டில் 'ஃபங்கி க்ளோட்' என்று வருபவர் அவரே. மலையிலிருந்து இறங்கிய காற்று புகையை ஏரியின்மேல் பரப்ப, இசைக்குழுவினர் தங்கள் விடுதியிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சில நாட்கள் கழித்து, பேஸ் கிதார் கலைஞர் ரோஜர் க்ளோவர் தூக்கத்திலிருந்து விழிக்கும்போது அந்தத் தலைப்பு அவர் வாயில் வந்ததாம். பாடகர் இயன் கில்லனிடம் அதைச் சொன்னபோது, 'கேட்பதற்குப் போதைப்பொருள் பாட்டுப் போல இருக்கிறதே' என்ற தயக்கம்தான் முதலில் எழுந்தது என்று க்ளோவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். ஆகவே தங்கள் அண்ணன் சொன்ன கதையைக் கேட்டு அந்தக் குழுவினர் வியப்படைந்திருக்க மாட்டார்கள்.

கசினோ போன பிறகு அவர்கள் 'பவிலியன்' என்ற அரங்குக்கு மாறினார்கள். இன்று உலகெங்கும் கிதார் பழகுவோர் முதலில் வாசிக்கும் அந்த நான்கு ஸ்வர ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிதார்த் துணுக்கு) பதிவானது அங்கேதான். இரவில் எழுந்த இரைச்சலால் அக்கம்பக்கத்தார் புகார் செய்யக் காவல்துறை வந்துவிட்டது. வாத்தியப் பகுதி பதிவாகி முடியும்வரை குழுவின் உதவியாளர்கள் கதவைத் திறக்கவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த நாள் அங்கிருந்தும் வெளியேற வேண்டியதாயிற்று. இறுதியில் குளிர்காலத்துக்காக மூடிக்கிடந்த 'கிராண்ட் ஹோட்டல்' என்ற விடுதி கிடைத்தது. அதன் நடைகூடத்தில் மெத்தைகளை நிறுத்தி ஒலியைத் தடுத்து வாசித்தார்கள். வெளியே நின்ற வண்டிக்குப் போய்த் தாங்கள் வாசித்ததைக் கேட்க வேண்டுமானால், அறைகளையும் மாடங்களையும் கடந்து சுற்றிக்கொண்டு போக வேண்டும். அந்த அலைச்சலுக்குச் சலித்துப் பல நேரம் கேட்காமலேயே அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்கள். 'மெஷின் ஹெட்' ஆல்பத்தில் இருக்கும் அந்தப் பதற்றமில்லாத, நேரடியான ஒலிக்கு இந்தச் சோம்பலும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

ஆல்பம் 1972 மார்ச்சில் வெளிவந்தது. இந்தப் பாட்டின்மீது குழுவினருக்குப் பெரிய நம்பிக்கை இருக்கவில்லை. சிங்கிளாக (தனிப்பாட்டு இசைத்தட்டாக) அவர்கள் முதலில் வெளியிட்டது 'நெவர் பிஃபோர்' என்ற வேறொரு பாட்டை. 1973-இல்தான் இது அமெரிக்காவில் சிங்கிளாக வெளிவந்து, அந்நாட்டுப் பாடல் தரவரிசையான பில்போர்டு பட்டியலில் நான்காம் இடம்வரை ஏறியது.

கிதார் வாசிப்பவர்களுக்காக ஒரு சிறு குறிப்பு. அந்த ரிஃபைத் தனித்தனி ஸ்வரமாக வாசித்தால் அது ஒருபோதும் இசைத்தட்டில் கேட்பதுபோல ஒலிக்காது. குழுவின் கிதார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர் அதை இரண்டிரண்டு தந்திகளாக, சட்ஜத்துக்கும் சுத்த மத்திமத்துக்கும் உள்ள இடைவெளியில், பிளெக்ட்ரம் (தந்தியை மீட்டும் சிறு தகடு) இல்லாமல் விரலால் கிள்ளி வாசித்தார். ஜான் லார்டின் ஹாமண்ட் ஆர்கன், கிதாருக்கான ஆம்ப்ளிஃபயர் வழியாக முரட்டுத்தனமாக ஒலித்து அதனோடு சேர்ந்துகொள்கிறது.

பதில்: நள்ளிரவு வானொலி

மற்ற இரண்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

'ஃபயர் அண்ட் ரெயின்' பாட்டில் விமானம் எதுவும் இல்லை. பறக்கும் இயந்திரங்கள் நொறுங்கிக் கிடப்பதாக ஒரு வரி வருவதால் கிளம்பிய கதை அது. 'தி ஃப்ளையிங் மெஷின்' என்பது டெய்லர் அறுபதுகளின் நடுப்பகுதியில் நியூயார்க்கில் வாசித்துக்கொண்டிருந்த இசைக்குழுவின் பெயர்; அது கலைந்துபோனதைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார். ஆனால் மரணம் உண்மை. 1968-இல் அவர் லண்டனில் தம் முதல் ஆல்பத்தைப் பதிவுசெய்துகொண்டிருந்தபோது, ஊரில் அவருடைய தோழி ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். வேலையில் மூழ்கியிருப்பவரின் மனம் குலைந்துவிடக் கூடாது என்று நண்பர்கள் அதைச் சில மாதங்கள் மறைத்துவிட்டார்கள். ஹெராயின் பழக்கத்தோடும் மன உளைச்சலோடும் அவர் பட்ட பாடு பாட்டின் இன்னொரு பகுதி. தங்கள் அண்ணன் சொன்ன கதையில் துயரம் சரி, அதன் காரணம்தான் பிழை. 1970-இல் வந்த அந்தப் பதிவில் பியானோ வாசித்தவர் பாடகியும் பாடலாசிரியருமான கரோல் கிங் என்பதையும் கவனித்துக் கேளுங்கள்.

'ஹோட்டல் கலிபோர்னியா'வைப் பொறுத்தவரை, மருத்துவமனையும் இல்லை, சாத்தானும் இல்லை. ஆல்பத்தின் அட்டையில் இருப்பது பெவர்லி ஹில்ஸ் ஹோட்டலின் படம். வெளியூரிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வந்து பணமும் புகழும் கண்டவர்களின் மயக்கத்தையும் கசப்பையும் பற்றியது அது என்று பாட்டை எழுதியவர்களில் ஒருவரான டான் ஹென்லி பல முறை விளக்கிவிட்டார். மெக்சிகோவில் அதே பெயரோடு ஒரு விடுதி இருப்பதைக் காட்டி, 'இதுதான் அது' என்று சொல்பவர்களும் உண்டு. அந்த விடுதியின்மீது ஈகிள்ஸ் குழு 2017-இல் வழக்கே தொடர்ந்தது. மறு ஆண்டு அது சமரசத்தில் முடிந்தது.

எனக்குப் பிடித்த கதை அதன் இசை பிறந்த விதம். குழுவின் கிதார் கலைஞர் டான் ஃபெல்டர், மலிபு கடற்கரையில் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் அந்தச் சந்தத்தைத் தனியாக நாடாவில் பதிந்துவைத்தார். குழுவினர் அதற்கு வைத்த தற்காலிகப் பெயர் 'மெக்சிகன் ரெக்கே'. பின்னர் மயாமியில் இறுதிப் பதிவு நடந்தபோது ஃபெல்டர் புதிதாக ஏதோ வாசிக்கத் தொடங்க, 'நாடாவில் இருந்தபடியே வேண்டும்' என்று ஹென்லி பிடிவாதமாக நின்றார். ஃபெல்டருக்கோ தாம் வாசித்தது நினைவில்லை. கலிபோர்னியாவில் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்மணியைத் தொலைபேசியில் அழைத்து, அந்த நாடாவைத் தேடி எடுத்து, ஒலிவாங்கியருகே ஓடவிடச் சொல்லிக் கேட்டு, அதைத் திரும்பக் கற்றுக்கொண்டு வாசித்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

பழைய ஒலிநாடா

இருவருக்கும் மிக்க நன்றி. நொறுங்கிய விமானம் ஒரு இசைக்குழுவின் பெயர் என்பதை அறிந்தபோது சிரிப்பும் வெட்கமும் சேர்ந்தே வந்தன. இன்னொரு ஐயம். பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசனின் 'மை ஸ்வீட் லார்ட்' திருடப்பட்ட மெட்டு என்றும், நீதிமன்றமே அப்படித் தீர்ப்பளித்தது என்றும் சொல்கிறார்கள். இதுவும் விமானக் கதை போன்றதுதானா?

பதில்: மூன்றாம் சாட்சி

இல்லை, வழக்கு உண்மை. பாட்டுகளின் பின்னணிக் கதைகளில் பெரும்பாலானவை யாரோ ஒருவரின் நினைவை மட்டுமே நம்பி நிற்பவை. இதுவோ சாட்சியங்களோடு நீதிமன்றப் பதிவில் இருக்கிறது. ஆனால் 'திருட்டு' என்ற சொல்லை நீதிபதி சொன்ன பொருளில் புரிந்துகொள்ள வேண்டும்.

'மை ஸ்வீட் லார்ட்' 1970-இன் இறுதியில் அமெரிக்காவில் வெளியாயிற்று. மறு ஆண்டே, 'ஹீ'ஸ் ஸோ ஃபைன்' என்ற பாட்டின் உரிமையை வைத்திருந்த பிரைட் ட்யூன்ஸ் என்ற நிறுவனம் வழக்குத் தொடர்ந்தது. அது தி சிஃபான்ஸ் என்ற பெண்கள் குழு பாடி, 1963-இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த பாட்டு. விசாரணை 1976-இல் நடந்தது. நீதிபதி ரிச்சர்ட் ஓவன் தாமே இசை நாடகங்கள் எழுதிய ஒரு இசையமைப்பாளர் என்பதால், இரு மெட்டுகளையும் துணுக்குத் துணுக்காகப் பிரித்தார். நம் ஸ்வர வழக்கில் சொன்னால், 'ப-க-ரி' என்று இறங்கும் ஒரு துணுக்கும், 'ப-த-ச-த-ச' என்று ஊசலாடும் இன்னொரு துணுக்கும் இரு பாட்டுகளிலும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பத் திரும்ப வருகின்றன. தனித்தனியாக இவை எங்கும் கிடைக்கக்கூடிய சாதாரணத் துணுக்குகள். ஆனால் இந்த வரிசையில் இத்தனை முறை சேர்ந்து வருவதும், இரண்டாவது துணுக்கில் அதே இடத்தில் அதே சிறு அலங்கார ஸ்வரம் இருப்பதும் தற்செயலாக முடியாது என்பது அவருடைய முடிவு. ஹாரிசன் நீதிமன்றத்தில் கிதாரோடு அமர்ந்து, அந்த மெட்டு தமக்கு எப்படித் தோன்றியது என்று விளக்கிக் காட்டினார். அவர் வேண்டுமென்றே எடுக்கவில்லை என்பதை நீதிபதி ஏற்றுக்கொண்டார். ஆயினும் அடிமனத்தில் கிடந்த மெட்டு தெரியாமலே வெளிவந்தாலும் சட்டப்படி அது உரிமை மீறல்தான் என்று தீர்ப்பளித்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் விந்தையாகத் தோன்றுகிறது. வழக்குத் தொடங்கியபோது ஹாரிசனின் மேலாளராக இருந்து எதிர்த்தரப்போடு பேச்சு நடத்தியவர் ஆலன் க்ளைன். இருவரும் பிரிந்த பிறகு, அதே க்ளைன் 1978-இல் 'ஹீ'ஸ் ஸோ ஃபைன்' பாட்டின் உரிமையை 5,87,000 டாலருக்கு விலைக்கு வாங்கி எதிர்த்தரப்பில் போய் உட்கார்ந்துகொண்டார்! தம்மிடம் நம்பிக்கையோடு பணி கொடுத்தவருக்கு எதிராக இப்படி லாபம் பார்க்கக் கூடாது என்று 1981-இல் நீதிமன்றம் கூறி, க்ளைன் கொடுத்த அதே தொகையை மட்டும் ஹாரிசன் அவருக்குக் கொடுத்தால் போதும் என்று முடிவு செய்தது. சில்லறை வழக்குகள் அதன் பிறகும் தொண்ணூறுகள்வரை இழுத்தன. நடுவில் ஹாரிசன் இந்த அனுபவத்தைக் கேலி செய்து 'திஸ் ஸாங்' என்றொரு பாட்டு எழுதினார்; சிஃபான்ஸ் குழுவினரோ 1975-இல் 'மை ஸ்வீட் லார்ட்' பாட்டைத் தாங்களும் பாடிப் பதிவுசெய்தார்கள்.

பதில்: நள்ளிரவு வானொலி

மூன்றாம் சாட்சி அவர்கள் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் அது வழக்கின் கதை. பாட்டின் கதை வேறு. 1969 டிசம்பரில் டிலேனி அண்ட் பானி குழுவோடு கோபன்ஹேகனில் இருந்தபோது ஹாரிசன் அதைத் தொடங்கினார். எட்வின் ஹாக்கின்ஸ் குழுவினர் பாடிப் புகழ்பெற்ற 'ஓ ஹாப்பி டே' என்ற தேவாலயப் பாட்டுத்தான் தமக்கு முன்மாதிரி என்று அவர் சொல்லியிருக்கிறார். பின்குரல்கள் முதலில் 'அல்லேலூயா' என்று பாடி, கேட்பவர் அதற்குப் பழகிய பிறகு ஓசைப்படாமல் 'ஹரே கிருஷ்ணா'வுக்கு மாறுகின்றன. இறுதியை நெருங்கும்போது 'குருர் பிரம்மா குருர் விஷ்ணு' என்ற சுலோகம் வருகிறது. இரண்டு பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று காட்டுவதற்காகவே இப்படி அமைத்தேன் என்பது அவர் விளக்கம். இதை முதலில் வெளியிட்டவரும் ஹாரிசன் அல்லர். நண்பர் பில்லி பிரெஸ்டனின் பதிவு 1970-இல் சில மாதங்கள் முன்னதாகவே வந்துவிட்டது.

பதில்: ஒலிப்பதிவாளன்

நான் ஒலிப்பதிவுத் தொழிலில் இருப்பவன் என்பதால், என்னைக் கவர்ந்த பின்னணிக் கதை வேறு வகையானது. 10சிசி குழுவின் 'ஐ'ம் நாட் இன் லவ்' (1975). 'நீங்கள் ஏன் என்னிடம் அன்பை வாய்விட்டுச் சொல்வதில்லை' என்று குழுவைச் சேர்ந்த எரிக் ஸ்டூவர்ட்டின் மனைவி கேட்டதிலிருந்து அந்தப் பாட்டு பிறந்தது. அடிக்கடி சொன்னால் அந்தச் சொல்லுக்கு மதிப்பிருக்காது என்று பதில் சொன்னவர், சொல்லாமலே சொல்வது எப்படி என்று யோசித்து, காதலிக்கவில்லை என்று சாதிக்கும் ஒருவனைப் பாட வைத்தார்.

முதலில் அதை போஸா நோவா என்ற பிரேசில் நாட்டுத் தாளத்தில் பதிந்தார்கள். குழுவில் மற்றவர்களுக்கு அது பிடிக்காமல் கைவிடப்பட்டது. பின்னர் அவர்களில் ஒருவரான கெவின் காட்லி, வாத்தியங்களை விட்டுவிட்டு முழுக்க மனிதக் குரல்களாலேயே செய்தால் என்ன என்று கேட்டார். இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட் ஊரில் இருந்த அவர்களுடைய ஸ்ட்ராபெரி ஸ்டுடியோவில் மூன்று பேர் ஒரே ஸ்வரத்தைப் பதினாறு முறை பாடி, ஒரு ஸ்வரத்துக்கு 48 குரல்கள் சேர்த்தார்கள். இப்படிப் பதின்மூன்று ஸ்வரங்கள்; மொத்தம் 624 குரல்கள். இன்று கணினியில் அரை நாள் வேலை. அன்று அவர்கள் ஒவ்வொரு ஸ்வரத்தையும் வளைய நாடாவில் முடிவில்லாமல் சுழலவிட்டு, கலவை மேசையின் ஒலிக் கட்டைகளை ஏற்றியும் இறக்கியும், ஆர்மோனியத்தின் கட்டைகளை அழுத்துவதுபோல வாசிக்க வேண்டியிருந்தது. எல்லா ஸ்வரங்களும் எப்போதும் மெலிதாகக் கசிந்துகொண்டிருக்கும்படி விட்டிருந்ததால் வந்ததுதான் அந்தப் பாட்டு முழுவதும் படர்ந்திருக்கும் மூட்டம் போன்ற ஒலி.

நடுவில் ஒரு பெண் குரல் கிசுகிசுக்கும் அல்லவா? எரிக் ஸ்டூவர்ட்டுக்குத் தொலைபேசி வந்திருப்பதாகச் சொல்லக் கதவைத் திறந்து, பதிவு நடப்பதைக் கண்டு மெல்லிய குரலில் அழைத்த ஸ்டுடியோ வரவேற்பாளர் அவர். அந்தக் குரலைக் கேட்டவுடன் அவரையே உள்ளே அழைத்துப் பேச வைத்துவிட்டார்கள். பாட்டு இங்கிலாந்தில் முதலிடமும் அமெரிக்காவில் இரண்டாமிடமும் பெற்றது.

பழைய ஒலிநாடா

ஒலிப்பதிவாளன் அவர்களே, அந்தப் பெண் குரலை நான் இத்தனை ஆண்டுகளாக நாடாவில் முன்பு பதிந்திருந்த ஏதோ ஒரு நாடகத்தின் மிச்சம் என்று நினைத்திருந்தேன்.

ஆறாம் தந்தி அவர்களுக்கு: நேற்றிரவு அந்த ரிஃபை இரு தந்திகளாக, விரலால் கிள்ளி வாசித்துப் பார்த்தேன். முப்பது ஆண்டுகளாக ஒற்றைத் தந்தியில் வாசித்துவந்ததை நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. பிறகு அண்ணனைத் தொலைபேசியில் அழைத்து, இங்கே நீங்கள் எழுதியவற்றைப் படித்துக் காட்டினேன். மோந்த்ரோ தீயை உடனே ஏற்றுக்கொண்டார். ஹோட்டல் பற்றிச் சற்று வாதாடிவிட்டு விட்டுக்கொடுத்தார். 'ஃபயர் அண்ட் ரெயின்' மட்டும் விமான விபத்துத்தான் என்கிறார். விமானத்தின் பெயரைக்கூடத் தெரியும் என்றார். என்ன பெயர் என்று கேட்டதற்கு, சாப்பிட அழைக்கிறார்கள் என்று வைத்துவிட்டார்.